முதலில் போன் செய்தவன்

கோலின் ஸ்டாதர்ஸை அந்த வெப்சைட்டில் சேர்த்துவிட்டவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எவனும் வந்து என் சட்டையைப் பிடிக்க வேண்டாம். ஹல் நகரத்தில், ஹெஸ்ஸில் ரோட்டில், கட்டடச் சாமான் கடையில் பத்தொன்பது வருஷமாகக் கவுன்ட்டரில் நிற்கிறேன். வேலைக்காரன் ஒருவனைச் சேர்த்துவிட்டால் வெப்சைட்டுக்காரன் எனக்கு முப்பது பவுண்டுக்குக் கூப்பன் அனுப்புவான். வேண்டாமென்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

கோலின் பூச்சுக்காரன். சுவருக்கும் சீலிங்குக்கும் பிளாஸ்டர் பூசுவது தொழில். அவன் பூசிய சுவரில் உள்ளங்கையை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும், அப்படி ஒரு கை. இருபது வருஷம் ஒரே மேஸ்திரியிடம் வேலை செய்தான். அந்த ஆள் கடையை மூடிவிட்டு வெயில் தேடி ஸ்பெயினுக்குப் போனதும் கோலினின் போன் அடிப்பது நின்றுபோனது. அப்போதுதான் நான் ஃபார்ம் போட்டுக் கொடுத்தேன்.

வெப்சைட் சங்கதி பெரிய ரகசியமில்லை. வீட்டுக்காரர் யாராவது "எனக்கு இன்ன வேலை ஆகணும்" என்று போடுவார். அதற்குப் பெயர் லீடு. நம் போன் "டிங்" என்று கத்தும். காசு கட்டி அந்த லீடை வாங்கினால்தான் விலாசமும் நம்பரும் தெரியும். ஒரே லீடை மூன்று பேருக்கு விற்பான். மூவரில் முதலில் போன் செய்தவனுக்குத்தான் பெரும்பாலும் வேலை. மற்ற இருவர் கட்டிய காசு கட்டியதுதான்.

அந்தப் புதன்கிழமை காலை ஆறே முக்கால். அக்டோபர் மாதம். ஹம்பர் ஆற்றுப் பக்கமிருந்து காற்று கதவை உதைத்துக்கொண்டிருந்தது. கவுன்ட்டரில் வழக்கமான கூட்டம். கூரைக்காரன் லெஸ் வாய் நிறைய பேக்கன் ரொட்டியோடு ஆரம்பித்தான்.

"மூணு பேருக்கு ஒரே எலும்பைக் காட்டறான்யா அந்த வெப்சைட்டுக்காரன். கவ்வுனவனும் காசு குடுக்கணும், கவ்வாதவனும் காசு குடுக்கணும். வெக்கங்கெட்ட பொழப்பு."

"உனக்குப் பேசத் தெரியலைன்னா அதுக்கு வெப்சைட்டு என்னய்யா பண்ணும்?" என்றான் கிளைவ் பிளென்கின். இவனும் பூச்சுக்காரன். கை சுமார்தான், ஆனால் வண்டி புதுசு. "எனக்கு வாரம் முழுக்க வேலை அதுலதான் வருது."

"வராம? உன் பொண்டாட்டி வீட்ல குந்திக்கிட்டு போனை மடியில வெச்சிருக்கா. லீடு வந்த அரை நிமிஷத்துல 'ஹலோ கண்ணு, பிளென்கின் பிளாஸ்டரிங்'னு தேனை ஊத்தறா. நான் ஓட்டு மேல நின்னுக்கிட்டு ஒத்தக் கையால எதைப் புடிப்பேன்? போனையா, புகைபோக்கியையா?"

"நீயும் அப்படி ஒருத்தியைக் கட்டியிருக்கணும்."

"எனக்கு வாய்ச்சவ வெப்சைட்டுல என்னைப் பத்தியே புகார் போடுவா."

எல்லோரும் சிரித்தோம். கோலின் மட்டும் டீயை ஊதிக்கொண்டிருந்தான். "அது பிரயோஜனம்தான் லெஸ். போன மாசம்கூட ரெண்டு வேலை கெடைச்சுது," என்றான்.

"எத்தனை லீடு வாங்கினே?"

அவன் டீயைப் பார்த்தான்.

"ஆன்லபில ஒரு வீட்டு மாடிப்படிச் சுவர் என்ன ஆச்சு கோலின்? அதைச் சொல்லு, ஊரே கேக்கட்டும்," என்றான் லெஸ்.

ஊருக்கே தெரிந்த கதைதான். இரண்டாவது பூச்சு போட்டதும் பிளாஸ்டர் இறுக ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் கரணையை எடுக்காமல் இழுத்து இழுத்து மெழுக வேண்டும். பிளாஸ்டர் எவனுக்காகவும் காத்திருக்காது. அங்கே டிங் என்றதும் இவன் ஏணியிலிருந்து இறங்கிவிட்டான். போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் சுவர் கல்லாகிவிட்டது, வரிவரியாக. அந்த வீட்டுக்காரி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "போன் பேசுவதில் கெட்டிக்காரர்" என்று எழுதிவிட்டாள். அதைக் கடைச் சுவரில் ஒட்டியவன் நான். இரண்டு வாரம் இருந்தது.

கதவு திறந்தது. கோலினின் பெண்டாட்டி லொரெய்ன். பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போகிற வழி, மழைக்கோட்டுக்குள் நீல ஏப்ரன். நேராக என்னிடம் வந்தாள்.

"ராய், நாளைக்கு மறந்துடாதே கண்ணு. மிஸஸ் ஸ்பாவின் பத்து மணிக்கு எங்க வீட்டுக்கு வர்றாங்க. பதினோரு மணிக்கு உன் வீட்டுக்கு."

"பத்து வாட்டி சொல்லிட்டே. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

மிஸஸ் ஸ்பாவின் கவுன்சில் ஆள். பெற்றவர்களிடம் இருக்க முடியாத பிள்ளைகளை எந்த வீட்டில் விடலாம், எதில் விடக்கூடாது என்று பார்த்துச் சொல்கிறவர். லொரெய்னுக்குப் பிள்ளை இல்லை. ஐம்பத்திரண்டு வயது. சமையலறை ஜன்னல் வழியாக இரண்டாவது தடவை தட்டை நீட்டுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, ஒன்றை எடுத்து வளர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். ஒன்றரை வருஷம் அலைந்தாள், வகுப்புக்குப் போனாள், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதினாள். நற்சாட்சி சொல்லப் பக்கத்து வீட்டுக்காரன் என்று என் பெயரைக் கொடுத்திருந்தாள். பின் அறையில் சின்னக் கட்டில் வாங்கிப் போட்டு, நரிக்குட்டிப் படம் போட்ட போர்வையும் விரித்தாகிவிட்டது. மிச்சம் சீலிங் ஒன்றுதான். பழசு மழையில் இடிந்து விழுந்தபின் கோலின் புதுப் பலகை அடித்தான். பூச்சு மட்டும் பாக்கி. இரண்டு மூன்று மணி நேர வேலை, பதினோரு மாதமாகப் பாக்கி. இதோடு கடைசி, மறுநாளுக்குள் சீலிங் முடிந்திருக்க வேண்டும் என்று மிஸஸ் ஸ்பாவின் சொல்லியிருந்தார்.

லொரெய்ன் கோலின் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு மத்தியானம்."

"இன்னைக்கு மத்தியானம்டி. சத்தியமா. ஒரு மூட்டை வாங்கத்தான் வந்தேன்."

"நாப்பது சத்தியம் ஆச்சு."

"லொரெய்ன், உனக்குப் பூச்சுக்காரன் வேணும்னா என்னைக் கூப்பிடு. நான் வருவேன்," என்றான் கிளைவ்.

மறுபடி சிரிப்பு. லொரெய்ன் சிரிக்கவில்லை. கிளைவை ஒரு நிமிஷம் நிஜமாகவே பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

புதன் மத்தியானம் எனக்கு விடுமுறை. என் வீடும் கோலின் வீடும் பத்தடிச் சந்துக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும். பன்னிரண்டரைக்கு நான் பொரித்த உருளைக்கிழங்கு வடையும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வேலையைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். நானும் ஒரு காலத்தில் பூச்சு கற்றுக்கொள்ளப் போனவன்தான், என் கைக்கு வரவில்லை.

கட்டிலை நகர்த்தி, பாலித்தீன் போர்த்தி வைத்திருந்தான். அறை வெதுவெதுவென்று இருந்தது. மெத்தை ஈரம் காய லொரெய்ன் சுவர் ஹீட்டரைத் திறந்துவிட்டுப் போயிருந்தாள். கலக்குகிற வாளியின் விளிம்பில் முந்தின நாள் பிளாஸ்டர் காய்ந்து ஒட்டியிருந்தது.

"வாளியைக் கழுவலையா?"

"நேரமில்ல ராய். அவ வர்றதுக்குள்ள முடிச்சு, உள்ள கூட்டிட்டு வந்து காட்டணும். கண்ணைப் பொத்திக் கூட்டிட்டு வரணும்னு நெனைச்சிருக்கேன்."

பழைய துணுக்கு கலந்தால் புதுப் பிளாஸ்டர் சீக்கிரம் இறுகும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சிப்ஸைத் தின்றுகொண்டிருந்தேன்.

முதல் பூச்சு போட்டான். மேடைப்பலகைமேல் ஏறி, அண்ணாந்து, இடது கையில் பிளாஸ்டர் தட்டு, வலது கையில் கரணை. ஒரு சொட்டு கீழே விழவில்லை. டீ குடித்தோம். ஒன்றேமுக்காலுக்கு இரண்டாவது பூச்சு. மூலையிலிருந்து மூலைக்கு நீட்டி இழுத்தான். கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. நல்ல வேலைக்காரன், பாவி.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டு ஏன்டா பதினோரு மாசம் இழுத்தே?"

"இதைப் பூசினா யாரும் காசு தரமாட்டாங்களே, நாளைக்குப் பாத்துக்கலாம்னு தோணும். அப்புறம் டிங்குனு சத்தம் வரும்."

டிங்.

கரணை நின்றது. நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. என்ன லீடு என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

இறங்கிவிட்டான். பிளாஸ்டர் விரலோடு போனை எடுத்து உரக்கப் படித்தான். "படுக்கையறை சீலிங். பலகை அடிச்சாச்சு, பூச்சு மட்டும் போடணும். ரொம்ப அவசரம், இன்னைக்கே வேணும். இடம் ஹெஸ்ஸில் ரோடு பக்கம். ராய், பக்கத்துலயே! இது முடிஞ்ச கையோட போயிடலாம்டா!" முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். முப்பத்து நாலு பவுண்டு கட்டினான். விலாசத்தைப் படிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை, நேராக நம்பரை அழுத்தினான். கை ஈரமென்று ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹலோ?" பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம்.

திரையைப் பார்த்தான். "லொரெய்ன்? ஒரு நிமிஷம்டி, நான் கஸ்டமருக்குப் போட்டேன், தப்பா உனக்கு வந்துடுச்சு."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு, "கஸ்டமர்தான் பேசறேன்," என்றாள்.

அவன் மறுபடி திரையைப் பார்த்தான். அவனுக்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

"நீ எங்க இருக்கே கோலின்?"

"வீட்லதான். சீலிங் கீழ. பூசிட்டு இருக்கேன்டி, ரெண்டாவது பூச்சு. நெஜமா. ராய்கூட இங்கதான் இருக்கான்."

"பூசிட்டு இருக்கறவன் கையில போன் எதுக்கு?"

"அது... நீ எதுக்குடி இதுல போட்டே?"

"நான் சொன்னா நீ வரமாட்டே. அது கூப்பிட்டா ஓடி வருவேன்னு தெரியும். வந்துட்டே பாரு."

"சரி, தப்புதான். நீ அதை ரத்து பண்ணிடு. நான் முடிச்சிடறேன்."

"லேட்டு. உனக்கு முன்னாடி ஒருத்தங்க போன் பண்ணிட்டாங்க. கிளைவோட பொண்டாட்டி. அஞ்சு மணிக்கு அவன் வர்றான்."

நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. சொந்த வீட்டு சீலிங்குக்கு இரண்டாவது ஆள்! அவன் என்னைக் கை காட்டி அடக்கிவிட்டு அவளிடம் கெஞ்ச ஆரம்பித்தான். பதினோரு மாதத்துக் கோபம் ஸ்பீக்கரில் கொட்டியது. ஆன்லபி சுவர், நாற்பது சத்தியம், அவள் அக்கா மகள் கல்யாணத்தன்று சர்ச் வாசலில் நின்று லீடு வாங்கியது, எல்லாம். இருபது நிமிஷம். அவள் வைத்தபின் நான்தான் நிமிர்ந்து பார்த்தேன். பலகைமேல் ஏறிக் கட்டைவிரலை அழுத்தினேன். தடம் பதியவில்லை. கரணை நின்ற இடத்தில் ஒரு மேடு, அதற்கப்பால் வரிவரியாக இறுகிப்போன பாதி சீலிங்.

கோலின் தண்ணீரை அடித்து அடித்துத் தேய்த்தான். கரணை கீச்சென்று கத்தியதே தவிர ஒன்றும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கரணையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். பாலித்தீனுக்கு அடியில் நரிக்குட்டிகள்.

ஐந்து மணிக்குக் கிளைவ் வந்தான். ஒரு நிமிஷம் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. முன்வாசல் மணியை அடித்துவிட்டு வெளியாள் மாதிரி நின்றான். லொரெய்ன் மேலே கூட்டிக்கொண்டு வந்தாள். அண்ணாந்து பார்த்தான்.

"யாரு பூசுனது இதை?"

கோலின் கரணையைத் துணியில் துடைத்தான்.

"மேட்டைச் சுரண்டிட்டு மறுபடி ரெண்டு கை மெலிசா போடணும். என் ஆள் வீட்டுக்குப் போயிட்டான். யாராச்சும் கலக்கிக் குடுத்தா எட்டு மணிக்கு முடியும்."

"கோலின் கலக்குவார்," என்றாள் லொரெய்ன்.

கிளைவ் கோட்டைக் கழற்றி மாட்டினான். "வாளியை மட்டும் கழுவிட்டுக் கலக்குப்பா," என்றான்.

கோலின் வாளியை எடுத்துக்கொண்டு பின்புறக் குழாய்க்குப் போனான். தூறலில் குந்தி உட்கார்ந்து, சுரண்டிச் சுரண்டிக் கழுவினான். அதற்குமேல் நின்று பார்க்க எனக்கே மனசு வரவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மனசு வரவில்லை என்றேன். ஆனால் மறுநாள் காலை கவுன்ட்டரில் இதை நான்கு தடவை சொன்னேன். வருகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தடவை. லொரெய்ன் குரலை எடுத்து, "கஸ்டமர்தான் பேசறேன்" என்பேன், லெஸ் கவுன்ட்டரில் தலையை வைத்துச் சிரிப்பான். "உனக்கு முன்னாடி ஒருத்தங்க போன் பண்ணிட்டாங்க" என்னும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். என்ன செய்ய, எனக்குக் கதை சொல்ல வரும். இந்த ஊரில் அதற்குத்தான் என்னைத் தேடி வருகிறார்கள்.

பத்தரைக்குக் கடையில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். கெட்டிலைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், பத்தடிச் சந்தில் கோலின். காலில் வீட்டுச் செருப்பு, காதில் போன், தூறலில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தான். அவன் வீட்டுக்குள் மிஸஸ் ஸ்பாவின் இருக்கிற நேரம். கெட்டில் கொதித்து அடங்கியும் அவன் உள்ளே போகவில்லை.

பதினோரு மணிக்கு அந்த அம்மாள் என் சமையலறையில் உட்கார்ந்தார். ஒடிசலான உடம்பு, நரைத்த கிராப்பு, மடியில் நோட்டு. பிஸ்கட்டைத் தொடவில்லை.

"ஸ்டாதர்ஸ் குடும்பத்தை எத்தனை வருஷமா தெரியும்?"

"இருபத்தாறு வருஷம். லொரெய்ன் தங்கமான மனுஷிங்க. நான் நெஞ்சு வலின்னு படுத்தப்போ ஆறு வாரம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து குடுத்தா." அது நிஜம். அதை நான் நல்லபடியாகவே சொன்னேன்.

"அப்படித்தான் எனக்கும் தோணிச்சு. வீடும் நல்லா இருக்கு." எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை நிறுத்திவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார். "சீலிங் என்ன அழகா வந்திருக்கு! அவரு கொஞ்சம் போன் புடிச்ச ஆளா இருக்காரேன்னு பாத்தேன். ஆனா நேத்து நாள் முழுக்க போனை அணைச்சு வெச்சுட்டு அதை முடிச்சுக் குடுத்தாராமே. லொரெய்ன் எவ்வளவு பெருமையா சொன்னாங்க தெரியுமா?"

"யாரு, கோலினா? ஐயோ, அந்தக் கூத்தை ஏன் கேக்கறீங்க!"

வாய் தானாகத் திறந்துகொண்டது. காலையிலிருந்து நான்கு தடவை சொல்லி நான்கு தடவையும் சிரிப்பு வாங்கிய கதை. கழுவாத வாளியில் ஆரம்பித்தேன். டிங் என்றேன். "கஸ்டமர்தான் பேசறேன்" என்று லொரெய்ன் குரலை எடுத்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. இன்னும் நன்றாகச் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்துக் கிளைவ் வந்ததையும், "வாளியைக் கழுவிட்டுக் கலக்குப்பா" என்றதையும் சேர்த்துச் சொன்னேன். பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

"அப்போ சீலிங்கைப் போட்டது அவர் இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இல்லீங்க, பாதி அவன்தான்... லொரெய்ன் சும்மா புருஷனை விட்டுக்குடுக்காம சொல்லியிருப்பா. யாரா இருந்தாலும் அப்படித்தானே சொல்லுவாங்க?"

"பிள்ளைக்கு ஒண்ணுன்னா நாளைக்கு அவங்க சொல்றதை நான் நம்பணும்ல, மிஸ்டர் ராய்," என்றார். நோட்டை மூடினார். டீக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். டீயையும் அவர் தொடவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. லொரெய்ன் சந்தில் வழிமறித்து, "என்ன கேட்டாங்க? என்ன சொன்னே?" என்றபோது, "தங்கமான மனுஷின்னு சொன்னேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடிதம் ஆறாவது வாரம் வந்தது.

காலை ஏழு மணி, கவுன்ட்டர் நிறைய ஆள். லெஸ், கிளைவ், எல்லோரும். லொரெய்ன் நீல ஏப்ரனோடு உள்ளே வந்தாள். ஆட்கள் தாமாகவே ஒதுங்கி வழி விட்டார்கள். கடிதத்தைக் கவுன்ட்டரில் விரித்து, விரலை வைத்துப் படித்தாள்.

"'சீலிங் வேலையை யார் செய்தார் என்பது குறித்து விண்ணப்பதாரர் உண்மை பேசவில்லை என்பது நற்சாட்சி சொன்னவரிடம் விசாரித்ததில் தெரியவந்தது.' கழுவாத வாளி வரைக்கும் எழுதியிருக்காங்க. வாளியை யாரு பாத்தா ராய்?"

நான் கவுன்ட்டரில் கிடந்த ரசீதுகளை அடுக்கினேன்.

"புள்ளை கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. இனிமே மனுவும் போடக்கூடாதாம்." கடிதத்தை நான்காக மடித்தாள். "எல்லாரும் சொல்றாங்க, நீ சொன்னா அவ்வளவு சிரிப்பா இருக்குமாமே. நான் மட்டும்தான் இன்னும் கேக்கல. சொல்லு."

"லொரெய்ன், விட்டுடு கண்ணு..."

"சொல்லு. அந்தம்மாகிட்ட எப்படிச் சொன்னியோ அப்படி. என் குரலையும் எடுத்துச் சொல்லணும்."

கிளைவ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். யாரும் நகரவில்லை. கடைக்கு வெளியே, கோலின் வண்டியில் உட்கார்ந்திருந்தான், காதில் போன், இன்னொரு கையால் ஏதோ விலாசத்தை ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதிக்கொண்டிருந்தான்.

அவள் போகவில்லை. ஏப்ரன் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றாள். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. வாளியில் ஆரம்பித்தேன். டிங் என்றேன். கஸ்டமர்தான் பேசறேன் என்றேன், அவள் குரலில், அவள் முகத்தைப் பார்த்தே. உனக்கு முன்னாடி ஒருத்தங்க போன் பண்ணிட்டாங்க என்ற இடம் வந்தபோது, பின்னாலிருந்து எவனோ ஒருவன் பழக்கத்தில் சிரித்துவிட்டான்.

"மேல சொல்லு," என்றாள் லொரெய்ன்.